ஆளி விதை எண்ணெயும் குடுவை அக்காவும்

சித்தி எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் மூடியைக் கீழே வைக்கமாட்டாள். வலது கைச் சுண்டுவிரலை மடக்கி மூடியை உள்ளங்கையோடு இறுக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் வேலையை முடித்து, கையோடு மூடிவிடுவாள். தேயிலை டப்பா, இருமல் மருந்து, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். மூடி திறந்திருக்கும்போது பேசவும் மாட்டாள். ஏதாவது கேட்டால், மூடியைத் திருகி முடித்த பிறகுதான் பதில் வரும். சின்ன வயதில் விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் பேசுகிறவள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்காக மூன்று வருடம் அவளோடு தங்கியபோது காரணம் தெரிந்தது. அது அவள் ஆய்வகத்தில் பழகிய பழக்கம். மூடியைக் கீழே வைத்தால் மேசையிலிருக்கும் கிருமி அதில் ஏறும். திறந்த குடுவைக்கு மேல் பேசினால் மூச்சில் இருப்பது உள்ளே விழும். அவள் வளர்த்தவை அதைத் தாங்காது.

அவள் வளர்த்தது மார்பகப் புற்றுநோய்ச் செல்களை. எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் எங்கோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்தவை, இன்றும் பெருகிக்கொண்டே இருப்பவை. தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், உடம்புச் சூடு இருக்கும் ஒரு பெட்டிக்குள் அவை கிடக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவற்றின் தீனியான ரோஜா நிறத் திரவத்தைப் புதிதாக ஊற்ற வேண்டும், விட்டால் அது மஞ்சளாகிவிடும். ஞாயிறு, விடுமுறை எதுவும் கிடையாது. இருபத்தாறு வருடம் சித்தி அதைச் செய்தாள். பள்ளிப்படிப்புக்குப் பிறகு இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் பயிற்சி எடுத்தாள், அவ்வளவுதான் அவள் படிப்பு. ஆய்வகத்தில் அவளுக்குக் குடுவை அக்கா என்று பெயர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் காலையில் வந்து மாலை பஸ்ஸைப் பிடிப்பாள்.

"ஒரு ராத்திரி தங்கினா குறைஞ்சா போயிடுவே?" என்று அம்மா கேட்பாள்.

"நாளைக்கு ஊத்தணும்க்கா."

"எங்களுக்கெல்லாம் பெத்ததுங்க. இவளுக்குக் குடுவையில போட்டு வளர்த்ததுங்க. அதுவும் வளர்க்கிறது எதைன்னு கேளுங்க" என்று அம்மா கூடத்தில் இருப்பவர்களிடம் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். சித்தியும் கொஞ்சம் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடுவாள்.

அவள் வீடு ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் லாரி பட்டறையைப் பார்த்த ஒரு ஜன்னல். இரும்புக் கட்டில் ஒன்று. நான் போன பிறகு மடக்குக் கட்டில் ஒன்று சேர்ந்தது. தட்டு, டம்ளர் எல்லாம் ஒன்றொன்றுதான் இருந்தன. நான் வந்த முதல் நாள் எனக்காக ஒரு தட்டு வாங்கி வந்து, அதில் இருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "கடைக்காரர் ஒண்ணு போதுமான்னு கேட்டார். ரெண்டாவது தட்டுன்னு சொன்னேன்" என்றாள். அதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை. கடைக்காரியை எல்லாரும் டெய்லர் என்றே கூப்பிடுவார்கள், நான் டெய்லர் அக்கா என்பேன். சித்தியைவிட ஏழெட்டு வயது சின்னவள். கணவர் எங்கோ தொலைவில் வேலையாக இருந்தார், பணம் மட்டும் வரும். சித்தி தினமும் வேலையிலிருந்து திரும்பும்போது கடை வாசலில் இரண்டு நிமிடம் நிற்பாள். நான் வருவதற்கு முன், வேலைக்கு வெளியே அவள் பேசிய பேச்சு அநேகமாக அந்த இரண்டு நிமிடம்தான் என்று நினைக்கிறேன்.

"என்னக்கா, புள்ளைங்க சவுக்கியமா?"

"சவுக்கியம். சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பெருகுதுங்க."

"நீ மட்டும் கொடிக்கம்பி மாதிரி இரு. அளவெடுக்க எனக்கு டேப்பே வேணாம், நூலு போதும்."

என் இரண்டாம் வருடக் கடைசியில் டெய்லர் அக்காவின் இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி போட வேண்டும் என்று சொன்னார்கள். இரண்டு ஊசியிலேயே முடி கொட்டிவிட்டது. வெட்டி மிஞ்சிய பூத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தைத்தாள். ஊசி போட்ட வாரத்தில் வாந்தி நிற்காது. மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு வாளி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் அது வந்தது. ஏழாம் பக்கத்தின் அடியில், நான்கு விரல் உயரச் செய்தி. தாவர விதைகளில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம் மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைப் பாதிக்கு மேல் குறைத்ததாக சித்தியின் ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார். ஆளி விதையில் அது நிறைய இருக்கிறது என்றும் இருந்தது. கூடவே ஒரு படம், கையுறை போட்ட ஒரு கை குடுவையைப் பிடித்திருந்தது. மடங்கிய சுண்டுவிரலில் மூடி இருந்ததால் அது சித்தியின் கை என்று உடனே தெரிந்தது.

நான் இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை எடுத்துப்போய் டெய்லர் அக்காவிடம் கொடுத்தேன். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அமிலத்தின் அமைப்பை நோட்டில் வரைந்துகூடக் காட்டினேன். குடுவையில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு என்பது எனக்குத் தெரியாதது இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது, என் சித்தி பெரிய ஆள் என்று ஒருவராவது சொல்வதுதான்.

"ஏ காலேஜு, இது நம்ம அக்காவா?" என்று டெய்லர் அக்கா கேட்டாள். செய்தியைக் கத்தரித்து, மிஷினுக்கு மேல் சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மாலை நானும் சித்தியும் கடைக்குப் போனோம். டெய்லர் அக்காவின் முகம் தெளிந்திருந்தது. வாளி இல்லை.

"இந்தத் தடவை ஊசி ரொம்பப் படுத்தலையா?" என்று சித்தி கேட்டாள்.

"ஊசிக்கே போகலையே" என்று சொல்லி மிஷினுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "இதான் காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். ஆளி விதை எண்ணெய், செக்குல ஆட்டினது. நீ கண்டுபிடிச்சதை நான் குடிக்காம வேற எவ குடிப்பா?"

சித்தி பாட்டிலை வாங்கினாள். மூடி சுண்டுவிரலுக்குப் போயிற்று. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். வெகுநேரம் மூடாமலேயே வைத்திருந்தாள்.

"கெட்டுப்போச்சாக்கா? போன வாரம்தான் வாங்கினேன்."

சித்தி மூடியைத் திருகினாள். "இல்ல. இது நல்லா இருக்கு" என்றாள்.

மாடிக்கு ஏறும்போது என்னிடம் கேட்டாள். "பெயிண்ட் டப்பாவைத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது எதனால?"

பெயிண்டில் ஆளி விதை எண்ணெய் கலப்பார்கள், அது காற்றுப் பட்டுக் கெட்டிப்படும்போது வரும் வாசனை அது என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன்.

"லேப்ல இருக்கிற என் அமிலக் குப்பில அந்த வாசனைதான் வருது" என்றாள். "முகமூடி போட்டிருப்பேன், சரியா தெரியாது. கையுறையைக் கழட்டும்போது மட்டும் லேசா வரும். அந்த அமிலத்துக்கு வாசனையே அதுதான்னு நினைச்சேன்."

அவள் வேலை பார்த்தது வசதி குறைந்த ஆய்வகம். கொழுப்பு அமிலம் வெளிநாட்டிலிருந்து விரல் அளவு கண்ணாடிக் குப்பியில் வரும். எழுதிப்போட்டால் வந்துசேர ஐந்து மாதம். அதனால் திறந்த குப்பியை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். திறந்த தேதியை எழுதி ஒட்டி, உள்ளே நைட்ரஜன் வாயுவை ஊதிக் காற்றை வெளியேற்றி, கடுங்குளிர்ப் பெட்டியில் வைப்பார்கள். போன வருடம் அந்தப் பெட்டி நான்கு நாள் ஓடாமல் கிடந்தது. நைட்ரஜன் சிலிண்டர் காலியாகி மாற்று வரவும் நாளாயிற்று. எறியவேண்டிய குப்பியைச் சித்தி எறியவில்லை. அதில் முக்கால்வாசி மீதி இருந்தது. எதையும் வீணாக்காதவள் என்று ஆய்வகத்தில் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது.

மறுநாள் அவள் குப்பியைத் திறந்து முகமூடியில்லாமல் முகர்ந்தாள். பெயிண்ட்தான். ஆனால் முகர்ந்ததோடு விடவில்லை. ஆய்வகத்தில் இன்னொரு குடுவை வரிசை உண்டு, நோயில்லாத தோல் செல்கள். அந்த அமிலத்தை அவற்றுக்கும் கொடுத்து நான்கு நாள் வைத்தாள். பிறகு நீலச்சாயம் போட்டு, கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து, கையெண்ணியை அமுக்கி அமுக்கி எண்ணினாள். செத்த செல் மட்டும்தான் சாயத்தை உறிஞ்சும். தோல் செல்களும் பாதிக்கு மேல் நீலமாக இருந்தன.

அந்த நான்கு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "கெட்டுப்போன எண்ணெய் எதைத்தான் கொல்லாது? நல்லதையும் கொல்லுது, கெட்டதையும் கொல்லுது. நான் அதை மருந்துன்னு எண்ணிக் கொடுத்திருக்கேன்."

"அப்ப நல்ல அமிலம் ஒண்ணுமே செய்யாதா?"

"தெரியலயே. கொஞ்சம் செய்யலாம். செய்யாமலும் போகலாம். புதுசா வாங்கி, காத்துப் படாம செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணும் ஒத்துப்போகணும்."

ஆய்வகத் தலைவரை அவள் எங்களுக்குள் 'அவசரம்' என்றுதான் சொல்வாள். மோசமான மனிதர் இல்லை. அவளை உட்காரவைத்துத்தான் பேசியிருக்கிறார்.

"ஒரு வாசனைய வெச்சு ஒரு வருஷ வேலையத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"வாசனைய வெச்சு இல்ல சார். தோல் செல் எண்ணிக்கையும் இருக்கு."

"பேப்பர்ல வந்தாச்சு. நிதி கொடுத்தவங்க பாராட்டி எழுதியாச்சு. இப்பப் போய்..."

"கீழ் வீட்டுல ஒருத்தி ஊசிய நிறுத்திட்டு எண்ணெய் குடிக்கிறா சார்."

ஆய்விதழுக்கு அனுப்பவிருந்த கட்டுரையை நிறுத்திவைக்க அவர் ஒப்புக்கொண்டார். புதுக் குப்பிக்கும் கையெழுத்துப் போட்டார். செய்தித்தாளுக்கு மறுப்பு எழுத மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. சித்தி அதைத் திரும்பவும் போய்க் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் அவர் அறைக்குள் உட்கார்ந்ததே அன்று ஒரு நாள்தான்.

ஆனால் டெய்லர் அக்காவிடம் யாராவது சொல்லியாக வேண்டும். மூன்றாவது ஊசி ஏற்கெனவே இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. நானும் கூடப் போனேன். செய்தித்தாளைக் கொண்டுபோனவள் நான்தான் என்பதால் வாசலில் நின்றுகொண்டேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் சித்தி.

"எதுக்கு? எண்ணெய் இருக்கே."

"நான் செஞ்சதுல தப்பு இருக்கு."

டெய்லர் அக்கா மிஷினை நிறுத்தினாள். சித்தி குப்பியைப் பற்றியும் குளிர்ப் பெட்டியைப் பற்றியும் பெயிண்ட் வாசனையைப் பற்றியும் சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல அவளுக்கு வராது.

"அப்ப எண்ணெய் பொய்யா?"

"பொய்னு சொல்லல. தெரியாதுன்னு சொல்றேன். அப்படியே செல்லை மட்டுப்படுத்தினாலும், அது லேப் தட்டுல. உன் உடம்பு தட்டு இல்ல. ஊசிக்குப் பதிலா அதைக் குடிக்கலாம்னு யாரும் சொல்லல. நானும் சொல்லல."

"உன் கைப்படம் சொல்லுச்சே" என்றாள் டெய்லர் அக்கா. சித்தி தரையைப் பார்த்தாள்.

பிறகு டெய்லர் அக்கா சொன்னாள்: "உனக்குத் தெரியுமாக்கா, அந்த ஊசி உள்ள ஏறும்போது நாக்குல ஆணியை வெச்ச மாதிரி இருக்கும். ஒரு மாசம் அது இல்லாம இருந்தேன். சாப்பாடு ருசிச்சுது. இப்ப வந்து தெரியாதுங்கிறே."

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

"குப்பி வரணும். மூணு தடவை செய்யணும். ஒரு வருஷம் ஆகும்."

"சரி. நான் ஊசிக்குப் போறேன். நீ சொன்னேன்னுதான் போறேன், டாக்டர் சொன்னாருன்னு இல்ல. ஆனா ஒண்ணு. மூணு தடவை செஞ்சு முடிச்சதும், ஆமாவோ இல்லையோ, எனக்குத்தான் முதல்ல சொல்லணும். உங்க சாருக்குக்கூட அப்புறம்தான்."

"உனக்குத்தான் முதல்ல" என்றாள் சித்தி.

டெய்லர் அக்கா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாளி திரும்ப வந்தது. மற்ற எல்லா ஊசிகளும் முடிந்தன. சுவரிலிருந்த செய்தியை அவள் எடுக்கவில்லை, ஒரு காலண்டரை அதன் மேல் மாட்டினாள்.

என் படிப்பு முடிந்தது. எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு சாயத் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை கிடைத்தது. நான் கிளம்பிய அன்று சித்தி என் தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "வரும்போது எடுத்துக்கலாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். பேச அதிகம் இருக்காது. குப்பி வந்துவிட்டது என்று ஒரு வாரம். முதல் தடவை எண்ணியாயிற்று என்று ஒரு வாரம். அமிலம் கொடுக்காத தட்டில் நூறு செல் என்றால், கொடுத்ததில் எண்பத்திரண்டு.

"அப்ப மட்டுப்படுத்துதே சித்தி."

"ஒரு தடவைதானே. வாயைத் திறக்காதே."

இரண்டாவது முறை பாதியில் பூஞ்சை பிடித்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு நிதி கொடுத்த திட்டமும் முடிந்துவிட்டது. ஆய்வகம் வேறு வேலைக்கு மாறியது. தலைவர் அவளை இந்த வேலையைச் செய்யச் சொல்லவும் இல்லை, செய்யாதே என்று சொல்லவும் இல்லை. அவள் தன் வழக்கமான வேலை முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் தனியாகச் செய்தாள். அந்த நாட்களில் கட்டடத்தில் காவலாளியையும் அவளையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்வாள். பின்னால் அந்தச் சூட்டுப்பெட்டியின் உறுமல் கேட்கும்.

"தனியா போரடிக்கலையா சித்தி?"

"எண்ணும்போது போரடிக்காது. எண்ணி முடிச்ச அப்புறம் கொஞ்சம் அடிக்கும்" என்றாள் ஒருமுறை. நான் அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். அடுத்த மாதம் ஷிப்ட் மாறியது, போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. போகாததற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தக் காரணங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது எண்ணிக்கை தொண்ணூற்றொன்பது. வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம்.

"இப்ப என்ன சித்தி?"

"இப்ப மூணாவதுதான் சொல்லணும். அது ரெண்டுல எதோட சேருதுன்னு பார்க்கணும். எதோடயும் சேரலைன்னா மறுபடி ஒண்ணுல இருந்து."

தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்த ஒரு வாரத்தில் சித்தி வீட்டில் இறந்துபோனாள். மாரடைப்பு. டெய்லர் அக்கா அந்த வாரம் கணவரிடம் போயிருந்தாள். எனக்கு ஞாயிறு போன் வரவில்லை. வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். விடுமுறை முடிந்து ஆய்வகத்தைப் பெருக்க வந்தவர்தான், பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியே குடுவைகளில் திரவம் மஞ்சளாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அப்படி ஆகி அவர் பார்த்ததே இல்லையாம். அவர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். குடுவைகளை அன்றே கொட்டிவிட்டார்கள். மூன்றாவது முறைக்காக அவள் போட்டிருந்த தட்டுகளும் அவற்றோடு போயின.

வீட்டைக் காலி செய்ய நானும் அம்மாவும் போனோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இவ்வளவுதானா" என்று மட்டும் கேட்டாள். ஆய்வகத்திலிருந்து அவள் நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் இந்தச் சோதனைக்கான பக்கத்தில் மூன்று வரிசை போட்டிருந்தாள். முதலிரண்டில் தேதியும் எண்ணும் இருந்தன. மூன்றாவதில் தேதி மட்டும் இருந்தது.

சாமான்களை இறக்கி முடித்ததும் டெய்லர் அக்கா என்னைக் கடைக்குள் கூப்பிட்டாள். முடி திரும்ப வளர்ந்திருந்தது. "முன்ன நேரா இருந்துச்சு, இப்ப சுருட்டையா முளைக்குது பாரு. செலவில்லாம ஸ்டைல்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"காலேஜு, அவ செஞ்சது என்ன ஆச்சு?"

நோட்டைக் காட்டினேன். முதல் தடவை கொஞ்சம் மட்டுப்படுத்தியது, இரண்டாவது தடவை இல்லை என்றேன்.

"ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குது. இதுல எது பதில்?"

"இது பதில் இல்லக்கா. மூணாவது வேணும்."

"யாரு செய்வா?"

அந்த மாதமே ஆய்வகத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார். திட்டம் முடிந்துவிட்டது, அந்தச் செல்களை இப்போது வளர்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். இதே போன்ற விதை அமிலங்களைப் பற்றி வேறு நாடுகளில் செய்ததாக நான்கைந்து கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் தட்டுதான், எலிதான், 'இருக்கலாம்'தான். அவற்றை வைத்து டெய்லர் அக்காவுக்கு ஏதாவது சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முன்பும் ஒருமுறை அப்படித்தான் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருந்தேன்.

இந்த முறை போய், கடிதத்தில் இருந்ததை மட்டும் சொன்னேன். அவள் ஒரு சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, அடுத்தது வரும் வாரம் என்றாள்.

"எண்ணெய் குடிக்கக் கேக்கல" என்றாள். "மறுபடி வந்தா வரும். அப்ப எவளாவது ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டுவா. அவகிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? அதைத்தான் உன் சித்தி சொல்றேன்னா. அவ சொல்லுக்குத்தான் நான் போய் அந்த நாலு ஊசியையும் போட்டுக்கிட்டேன்."

"என்னால செய்ய முடியாதுக்கா. எனக்கு அந்த வேலை தெரியாது."

"உன்னைக் கேக்கல. அந்தப் பதிலை அவதான் கொடுக்கணும்" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். காலரைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.